கல்லில் நிலைத்த பெயர்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியச் சுரங்கங்களில், காலமைன் என்பது பல கற்களுக்குப் பொதுப்பெயராக வழங்கிற்று. அதனைக் கரியோடும் செம்போடும் சேர்த்துச் சூடாக்கிப் பித்தளை செய்தனர். எனினும், அக்கற்கள் எதனால் ஆனவை என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அதனைத் தராசால் தீர்த்துவைத்தவர் ஜேம்ஸ் ஸ்மித்சன்.

பிறப்பும் கல்வியும்

ஸ்மித்சன் 1765ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் பிறந்தார். தாய் எலிசபெத் மேசி, செல்வக்குடியில் தோன்றிய கைம்பெண். தந்தை நார்தம்பர்லாந்துக் கோமகன் ஹியூ பெர்சி. இருவரும் மணந்துகொள்ளாதவர்கள் ஆதலின், தந்தையின் பட்டமோ உடைமையோ மகனுக்குக் கிட்டவில்லை. தாயின் குடும்பப் பெயரான மேசி என்பதையே தாங்கி அவர் வளர்ந்தார்.

பிறப்பு அடைத்த கதவுகளைக் கல்வி திறந்தது. 1782இல் ஆக்ஸ்போர்டின் பெம்புரோக் கல்லூரியில் சேர்ந்து, வேதியியலிலும் கனிமவியலிலும் ஆழ்ந்தார். 1787இல், ஏறத்தாழ இருபத்திரண்டு வயதில், இலண்டன் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். அவருடைய முதல் ஆய்வுரை 1791இல் வெளிவந்தது. சித்த மருத்துவத்தில் மூங்கிலுப்பு எனப்படும் பொருளை ஆராய்ந்த அவர், அது பெரும்பாலும் சிலிக்காவே என நிறுவினார்.

காலமைன் ஆய்வு

1800இல் தாய் மறைந்தபின், தந்தை தம் இளமையில் தாங்கியிருந்த ஸ்மித்சன் என்னும் குடும்பப் பெயரை அவர் ஏற்றார். 1802இல் இராயல் கழகத்தில் காலமைன் பற்றிய ஆய்வுரை படிக்கப்பெற்றது. காலமைன்கள் யாவும் துத்தநாக ஆக்சைடே என்னும் கருத்து அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஸ்மித்சனோ பல ஊர்க் கற்களைத் தனித்தனியே அமிலத்தில் கரைத்தும் சூடாக்கியும் எடையிட்டார். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிக் கல்லில், நூற்றுக்கு 35.2 பங்கு கார்பன் டை ஆக்சைடும் 64.8 பங்கு துத்தநாக ஆக்சைடும் இருக்கக் கண்டார். துத்தநாக கார்பனேட்டுக்கு இன்று கணக்கிடப்படும் அளவு முறையே 35.1, 64.9 ஆகும். சூடேற்றினால் மின்னேற்றம் பெறும் மற்றொரு வகைக் கல்லில் சிலிக்கா இருந்தது. ஒரே பெயரால் வழங்கிய கற்கள் வெவ்வேறு சேர்மங்கள் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

கல்லின் நிறம்

துத்தநாக கார்பனேட்டின் படிக அமைப்பு கால்சைட்டின் அமைப்பை ஒத்தது. தூய நிலையில் அது நிறமற்றது. துத்தநாக அயனி கண்ணுறு ஒளியை உட்கவராது. செம்பு அயனிகள் சிறிதளவு இடம்பெறின் அவை செந்நிற ஒளியை உட்கவர்வதால், கல் நீலப்பச்சையாக ஒளிர்கிறது. செம்பும் துத்தநாகமும் ஹைட்ராக்சைடோடு இணைந்த கார்பனேட்டுகளும் இயற்கையில் உண்டு. ஆரிகால்சைட் அவற்றுள் ஒன்று. இத்தகைய சேர்மங்களை ஆய்வகத்தில் வீழ்படிவாக்கிச் சூடேற்றினால், நீரும் கார்பன் டை ஆக்சைடும் நீங்கி, நுண்ணிதாகக் கலந்த ஆக்சைடுகள் எஞ்சும். மெத்தனால் தயாரிப்பில் பயன்படும் வினையூக்கி இவ்வழியில்தான் உருவாகிறது.

கொடையும் புகழும்

ஸ்மித்சன் மணம் புரியவில்லை. 1829ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் இத்தாலியின் ஜெனோவா நகரில் மறைந்தார். உடன்பிறந்தார் மகன் வாரிசின்றி இறப்பின், தம் செல்வம் முழுவதும் அமெரிக்காவைச் சேர வேண்டும் எனவும், வாஷிங்டனில் அறிவைப் பெருக்கிப் பரப்பும் நிறுவனம் ஒன்று தம் பெயரால் அமைய வேண்டும் எனவும் அவர் விருப்பாவணம் எழுதியிருந்தார். அந்நாட்டில் அவர் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. 1835இல் அவ்வாரிசும் மறைய, நூறாயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசுகள் கடல் கடந்தன. 1846இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் தோன்றிற்று.

1865இல் அந்நிறுவனத்தில் மூண்ட தீ, அவர் திரட்டிய கனிமத் தொகுப்பை அழித்தது; குறிப்பேடுகளும் பெரும்பாலும் எரிந்தன. ஆயினும், 1832இலேயே பிரெஞ்சுக் கனிமவியலார் பியூதான், துத்தநாக கார்பனேட்டுக்கு ஸ்மித்சோனைட் எனப் பெயர் சூட்டியிருந்தார். தந்தையின் பட்டத்துக்கு உரிமை பெறாதவரின் பெயர், அவர் எடையிட்டு அறிந்த கல்லில் இன்றும் நிலைத்துள்ளது.