காசியை அளந்த பிரின்ஸெப்

காசி யாத்திரை வரும் நம்மவர் பஞ்சகங்கா கட்டத்தில் முழுகி எழுந்து நிமிர்ந்தால், மேலே ஔரங்கசீப் காலத்து மசூதி தெரியும். அதன் நெடிய கோபுரங்கள் இரண்டும் இன்று இல்லை; 1948-ல் ஒன்று இடிந்து விழ, மற்றதையும் இறக்கிவிட்டார்கள். கும்பினியார் ஆட்சியிலேயே அவை ஒருமுறை ஆட்டங்கண்டு, பிரித்து மீண்டும் நிமிர்த்திக் கட்டப்பட்டவை. அந்தத் திருப்பணியைச் செய்தவர் ஒரு நாணயச்சாலை உத்தியோகஸ்தர் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஜேம்ஸ் பிரின்ஸெப் 1799-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கட்டிடக் கலைஞராக வேண்டுமென்று படிக்கத் தொடங்கினார். கண் நோய் குறுக்கிட்டது. பொன் வெள்ளியின் மாற்றுப் பார்க்கும் தொழிலைக் கற்று, 1819-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார். மறு ஆண்டே காசி நாணயச்சாலையில் மாற்றுப் பரிசோதகர். அப்போது என்னைவிட அவருக்கு இரண்டு வயது குறைவு!

ரசாயனம் பயிலும் எனக்கு அவருடைய தராசின்மேல்தான் கண். ஒரு கிரெயினில் ஆயிரத்தில் மூன்று பங்கை, அதாவது சுமார் 0.2 மில்லிகிராமை, அது காட்டுமாம். அதே பொறுமையோடு நகரத்தையும் அளந்தார். 1822-ல் காசியின் வரைபடம் தீட்டினார். ஊரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்கு மேல் என்று அதிகாரிகள் மதிப்பிட்டிருக்க, 1828-29-ல் இவர் எண்ணியபோது சுமார் 1,80,000 பேரே தேறினார்கள்.

அன்றைய காசியின் நடுவே பல ஏரிகளும் குளங்களும் இருந்தன. அவற்றுள் பெரியது மச்சோதரி. மழைக்காலத்தில் கங்கை பெருகி, வரணா நதி வழியே எதிர்த்து ஏறி இதில் கலக்கும்; அந்த நாளில் அங்கே நீராடுவது பெரும் புண்ணியம் என்பது புராண நம்பிக்கை. வெள்ளம் வற்றினால் தேங்கிய நீர் நாறும். பிரின்ஸெப் பூமிக்கடியில் வளைவுச் சுரங்கம் கட்டி அந்நீரைக் கங்கைக்கு வடித்தார். ஊருக்குச் சுகாதாரமும் மனை நிலமும் கிடைத்தன. ஒரு தீர்த்தம் போயிற்று. நீர் வடியக் கட்டிய வழியே பிற்காலத்தில் நகரின் சாக்கடைக்கும் வழியாயிற்று. அக்காலத்து நோய்களை நினைத்தால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஏரியை இழந்தவர்களிடம் அனுமதி கேட்கும் வழக்கம் கும்பினி ஆட்சிக்கு ஏது?

வேடிக்கை என்னவென்றால், தொட்டாலே புண்ணியம் அழியும் எனப்பட்ட கர்மநாசா நதிக்குப் பாலம் அமைத்தவரும் இவர்தாம். பணம் கொடுத்தவர் காசிச் செல்வர் ராஜா பட்னிமல். யாத்திரிகர் கால் நனையாமல் கடந்தார்கள்.

1830-ல் காசி நாணயச்சாலை மூடப்படவே கல்கத்தா திரும்பினார். 1837-ல் பிராமி எழுத்தைப் படித்து அசோகரின் கல்வெட்டுகளைப் பேசவைத்தார். உலகம் அவரை நினைப்பது அதற்காகவே. பகலில் நாணயச்சாலை, மற்ற வேளையில் கல்வெட்டு என்று உழைத்த உடம்பு தாங்கவில்லை. 1838-ல் நோயாளியாகக் கப்பலேறியவர் 1840-ல் லண்டனில் காலமானார். நாற்பது வயதுதான். கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் அவர் பெயரால் ஒரு கட்டம் உண்டு. காசியில் மச்சோதரி என்ற பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.