கலைச்செல்வம் காத்த ஆனந்த குமாரசாமி

கெடில ஆற்றங்கரையில் அமைந்த திருவதிகை, அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாகப் போற்றப்பெறும் பழம்பதியாகும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தால் பெயர்பெற்ற கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்கு அருகே அது விளங்குகிறது. திருநாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த தலம் என்று அதனை யாவரும் அறிவர். அப்பதியைச் சார்ந்த மற்றொரு சான்றோர் மனவாசகங்கடந்தார். மெய்கண்டாரின் மாணாக்கராகிய அவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் உண்மை விளக்கம் என்னும் சிறு நூலை இயற்றினார். கூத்தப்பிரானின் திருவடிவம் குறிக்கும் உட்பொருளை அந்நூல் தெளிவுறக் கூறுகிறது. பல நூற்றாண்டுகள் கழிந்தபின், அந்நூலையும் அதனையொத்த பிற சைவ நூல்களையும் சான்றாகக் காட்டி, நடராசர் திருவுருவின் பெருமையை மேலைநாட்டார்க்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்த அறிஞர் ஒருவர் தோன்றினார். அவரே ஆனந்த குமாரசாமி.

ஆனந்த குமாரசாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். இவர்தம் தந்தையார் சர் முத்துக் குமாரசாமி, இலங்கைத் தமிழருள் தலைசிறந்து விளங்கியவர். இங்கிலாந்து சென்று வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர். இலங்கைச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர். அரிச்சந்திரன் நாடகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பெருமையும் அவருக்கு உண்டு. அன்னையார் எலிசபெத்து, ஆங்கில நாட்டு மாது. பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக் குமாரசாமியின் மருமக்கள் ஆவர்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன் பெருந்துன்பம் நேர்ந்தது. 1879ஆம் ஆண்டில் அன்னையார் மகனுடன் இங்கிலாந்து சென்றிருந்தார். அவர்களைத் தொடர்ந்து கப்பலேற இருந்த தந்தையார், கொழும்பிலேயே உயிர் நீத்தார். எனவே, குமாரசாமி அன்னையின் நாட்டிலேயே வளர்ந்தார். குளொஸ்டர் நாட்டுப்புறத்திலிருந்த வைகிளிப் பள்ளியிற் பயின்று, பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலநூலும் பயிர்நூலும் கற்றார். 1900ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் அவரைக் கண்டோர், கல்லையும் மண்ணையும் ஆராய்வதிலேயே அவர்தம் வாழ்நாள் கழியும் என்று எண்ணியிருப்பர்.

1903ஆம் ஆண்டில் அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். தோரியமும் யுரேனியமும் அடங்கிய புதிய கனிப்பொருள் ஒன்றைக் கண்டறிந்தார். அது தோரியனைட்டு என்னும் பெயர் பெற்றது. ஆயினும் அப்பணி அவர் எதிர்பாராத வேறொரு சுரங்கத்தையும் அவருக்குத் திறந்துவிட்டது. கனிகளைத் தேடி மலைநாட்டுச் சிற்றூர்கள்தோறும் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் சென்ற அவர், ஆங்காங்கே வாழ்ந்த தச்சரையும், கொல்லரையும், குயவரையும், ஓவியரையும், பாய் முடைவோரையும் கண்டார். அவர்தம் கைத்திறன் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. அத்திறன் நாள்தோறும் தேய்ந்து வந்தது கண்டு அவர் வருந்தினார்.

அத்தேய்வுக்குக் காரணம் என்ன என்பதை அவர் ஓர் அறிவியலாளருக்குரிய பொறுமையுடன் ஆராய்ந்தார். கண்டி மன்னர்கள் கைவினைஞர்க்கு நிலம் வழங்கியிருந்தனர். அந்நிலத்தை உழுது உண்ட கைவினைஞர், அதற்கு ஈடாக அரண்மனைக்கும் கோயிலுக்கும் வேண்டிய பொருள்களைச் செய்து தந்தனர். வயிற்றுக் கவலையின்றி, விரைவும் இன்றி, தந்தை வழியே மகன் தொழில் கற்றான். 1815ஆம் ஆண்டில் கண்டி அரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. கலையை ஆதரித்த அரசன் இல்லை ஆனான். பின்னர், ஆலைகளிற் செய்த மலிவான பொருள்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. குயவன் வனைந்த அழகிய கலம் இருந்த இடத்தில் தகரக் கலம் வந்து அமர்ந்தது. செல்வரும் தம் முன்னோர் அணிந்த ஆடையையும் அணியையும் கைவிட்டு மேலைநாட்டு வழக்கத்தைப் பின்பற்றினர். வாங்குவார் இல்லாதபோது கை எவ்வாறு தொழிலை நினைவிற் கொள்ளும்?

இந்நிலை கண்ட குமாரசாமி, அழிவதற்குமுன் அனைத்தையும் பதிந்து வைக்க முற்பட்டார். அவர் மனைவியார் எத்தல், பொருள்களையும் தொழிலாளரையும் நிழற்படம் எடுத்து உதவினார்; தையற் பூவேலை குறித்துத் தாமே ஆராய்ந்தார். தந்த வேலை, அரக்கு வேலை, உலோக வேலை, நெசவு, மட்பாண்டம் என ஒவ்வொன்றிலும் கருவி எது, மூலப்பொருள் எது, செய்முறை எது என்பவற்றைத் தொழிலாளரிடமே கேட்டறிந்தார். இவ்வாறு திரட்டிய செய்திகளெல்லாம் இடைக்காலச் சிங்களக் கலை என்னும் ஆங்கிலப் பெருநூலாக 1908ஆம் ஆண்டில் வெளிவந்தன. கைத்தொழிலைப் போற்றும் அந்நூலைப் பொறி அச்சில் வெளியிட அவர் மனம் இசையவில்லை. ஆங்கில அறிஞர் வில்லியம் மோரிசு பயன்படுத்திய கை அச்சுப்பொறியைக்கொண்டு, தம் இல்லத்திலேயே பதினைந்து திங்கள் உழைத்து, 425 படிகள் மட்டுமே அச்சிடுவித்தார்.

பின்னர் அவர் நாட்டம் இந்தியப் பெருநாட்டின்மேற் சென்றது. இந்தியரிடம் உயர்ந்த சிற்பமும் ஓவியமும் இல்லை என்று மேலைநாட்டார் பலர் இகழ்ந்து பேசிய காலம் அது. அக்கூற்றை மறுத்தற்குச் சொல் மட்டும் போதாது, சான்று வேண்டும் என்பதை அவர் உணர்ந்தார். 1910ஆம் ஆண்டில் இலண்டனில் இந்தியக் கலையைப் போற்றும் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றபோது அதில் முன்நின்று உழைத்தார். அவ்வாண்டின் இறுதியில் அலகாபாத்தில் தொடங்கிய பெரும் பொருட்காட்சியில் கலைப்பிரிவின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனையொட்டி வடநாடெங்கும் சுற்றிப் பழைய ஓவியங்களைத் தேடித் திரட்டினார்.

அவ்வோவியங்கள் அளவிற் சிறியவை. கையில் ஏந்திப் பார்த்தற்குரியவை. தாள்கள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, வெண்பூச்சுப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்து, அதன்மேல் அவற்றை வரைந்தனர். சாதிலிங்கம், அரிதாரம் முதலியவற்றை அரைத்து வண்ணம் கூட்டினர். அணிலின் வால் மயிரால் ஆகிய தூரிகையைக் கொண்டு இமையின் மயிரையும் தீட்டினர். நல்ல வடிவம் ஒன்றைப் பிறிதொரு தாளில் எடுக்க வேண்டின், மெல்லிய தோலில் அவ்வடிவத்தின் வழியே ஊசியால் துளையிட்டு, கரித்தூள் முடிச்சால் அதன்மேல் தட்டினர். இத்தகைய துளைத்தோல்கள் வணிகருக்கு வெறுங் குப்பையாகத் தோன்றின. குமாரசாமியோ ஓவியத்தை வாங்கியதுபோலவே அவற்றையும் விரும்பி வாங்கினார். கலைப்பொருளை மட்டுமின்றி அது பிறந்த வழியையும் அறிய விழைந்தமையே அவர்க்கும் பிற செல்வர்க்கும் இருந்த வேற்றுமை.

அக்காலத்தில் அவ்வோவியங்களின் மதிப்பை அறிந்தார் மிகச் சிலர். இமயச் சாரலில் தோன்றிய ஓவியங்களைத் திபெத்து நாட்டுப் படங்கள் என்று கூறி அமிர்தசரசு வணிகர் விற்றனர். இந்நாட்டுச் சிறு ஓவியங்களையெல்லாம் மொகலாயர் ஓவியம் என ஒரே பெயரால் அழைப்பதும் வழக்கமாக இருந்தது. 1905ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் நாள் காங்கிரா நாட்டில் நிகழ்ந்த நிலநடுக்கம் எத்தனையோ வீடுகளையும் அவற்றில் இருந்த செல்வங்களையும் மண்ணில் மறைத்திருந்தது. இந்நிலையில் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டிய குமாரசாமி, மொகலாயர் அவையில் வளர்ந்த ஓவியம் வேறு, இராசபுத்திரர் நாடுகளில் வளர்ந்த ஓவியம் வேறு என்பதை நிறுவினார். முன்னது அரசரின் உருவத்தையும் அவையின் காட்சியையும் விரும்பியது. பின்னது கண்ணன் கதையையும், பண்களின் உருவத்தையும், நாட்டு மக்களின் பத்தியையும் விரும்பியது என்று காட்டினார். 1916ஆம் ஆண்டில் வெளிவந்த இராசபுத்திர ஓவியம் என்னும் நூல் இதனை விரிவாக விளக்கியது. அவர் சம்மு நாட்டினவாகக் கருதிய சில ஓவியங்கள் பசோலியைச் சார்ந்தவை எனப் பிற்கால ஆராய்ச்சி திருத்தியுள்ளது. எனினும் திருத்துவோர்க்கும் முதலில் வழிகாட்டியவர் அவரே.

தாம் திரட்டிய செல்வத்தை அவர் தமக்கெனக் கருதவில்லை. நாட்டிற்கு ஒரு தேசிய அருங்காட்சியகம் எழுப்பப்படுமாயின், அனைத்தையும் அதற்கே அளிக்க முன்வந்தார். அந்தோ! அவ்வேண்டுகோளை ஏற்று நடத்துவார் எவரும் இலர். அந்நியர் ஆட்சிக்கு அதில் அக்கறை இல்லை. நாட்டுச் செல்வரும் பொருள் வழங்க முன்வரவில்லை. அதற்கிடையே முதல் உலகப்போர் மூண்டது. விடுதலை பெறாத நாட்டினர், தம்மை ஆள்வோரின் போரிற் கலந்துகொள்ளக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற கொள்கையில் குமாரசாமி உறுதியாக நின்றார். அதனால் இங்கிலாந்தில் வாழ்வது அரிதாயிற்று. 1917ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கா சென்றார். டென்மன் ராசு என்னும் செல்வர் அவ்வோவியத் தொகுதியை வாங்கி, பாசுடன் நகர நுண்கலை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார். அங்கே இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராகக் குமாரசாமி அமர்ந்தார்.

நம் நாட்டுச் செல்வம் கடல் கடந்து சென்றது நன்றோ என்னும் வினா இங்கே எழுவது இயல்பு. காங்கிராவில் தீட்டிய ஓவியத்தைக் காங்கிராவிற் பிறந்தவன் காணப் பாசுடன் செல்ல வேண்டியிருப்பது இழப்பே, அதனை மறுத்தற்கில்லை. ஆயினும் கொடுக்க வந்த கையைத் திருப்பி அனுப்பியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். போற்றாத வீட்டிற் செல்வம் நில்லாது. பாசுடனிலோ அப்பொருள்கள் சிதறாமல் ஓரிடத்தில் நின்றன. அவர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, 1923 முதல் விளக்க அட்டவணைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். தனித்தனியே ஏலத்திற் சென்றிருப்பின், அவை செல்வர் பலரின் இல்லங்களிற் புகுந்து அறிஞர் கண்ணுக்கு எட்டாமலே மறைந்திருக்கும்.

குமாரசாமியின் எழுத்துகளுள் தமிழர் மறக்கலாகாதது நடராசர் திருவுருவம் பற்றிய கட்டுரையாகும். 1912ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகை என்னும் இதழில் வெளிவந்த அக்கட்டுரை, 1918ஆம் ஆண்டில் சிவ நடனம் என்னும் பொருள்படும் பெயருடைய நூலிலும் இடம்பெற்றது. உடுக்கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும் என்னும் உண்மையை உலகம் அக்கட்டுரை வாயிலாக அறிந்தது. பொன்னுக்கும் வெண்கலத்துக்கும் விலை கூறத் தெரிந்த உலகம், வெண்கலத்துள் உறையும் கருத்தையும் காணக் கற்றது. திருவதிகைச் சான்றோரின் நூல் அவ்வகையில் கடல் கடந்தும் பயன் தந்தது.

அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டுகள் பணிபுரிந்தும், அருங்காட்சியகமே கலைக்கு உற்ற இடம் என்று அவர் கருதினாரல்லர். கலம் நீர் முகக்கவும், பாய் படுக்கவும், திருவுருவம் வழிபடவும் செய்யப்பட்டவை. அவை பெட்டியுள் இருப்பது வேறு புகல் இன்மையால் மட்டுமே. பழைய கலத்தைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிப் பாதுகாத்துக்கொண்டே, அதனை இன்றும் செய்யவல்ல குயவனைப் பட்டினி கிடக்க விடுவது பேதைமை என்பது அவர்தம் உறுதியான கருத்து. இன்றைய ஏல மன்றங்களிற் பழம்பொருளுக்குப் பெருவிலை கூறுவோரும் எண்ணிப் பார்க்கத்தக்கது அக்கருத்து.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் குமாரசாமிக்கு எழுபது ஆண்டு நிறைந்தது. பணியினின்று ஓய்வு பெற்று இந்தியாவிற்கே திரும்பி, இமயத்தின் அடியில் அமைதியாக வாழ அவர் விரும்பியிருந்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9ஆம் நாள், பாசுடனுக்கு அருகிலுள்ள நீடம் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் அவர் உயிர் துறந்தார். அவர் கனவு கண்ட தேசிய அருங்காட்சியகம் 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தில்லியில் திறக்கப்பெற்றது. நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லாதவாறு தடுக்கும் சட்டமும் 1972ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. கொழும்பு நகரின் பெருவீதி ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சட்டம் பொருளைக் காக்கும்; கையின் திறனைக் காப்பது மக்களின் கடனாகும். திருவதிகைக்கு அருகிலுள்ள பண்ருட்டியில் கொலுப் பொம்மைகள் செய்வோர் இன்றும் உளர். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, வண்ணம் தீட்டும் அத்தொழிலாளரிடம் பொம்மை வாங்கும் சிறுவர், அதனை எவ்வாறு செய்தனர் என்று ஒரு கேள்வி கேட்பின், குமாரசாமி கண்டி மலைச் சிற்றூர்களிற் செய்த பணியையே தாமும் செய்தவராவர்.