எதைக் குறைப்பது? கணக்குக் கேட்ட கோகலே

வானவடி வெள்ளையர் காலத்திலேயே பட்டாள முகாம். இன்றும் ராணுவ மருத்துவக் கல்லூரியும் ராணுவ மருத்துவமனையும் இங்கே இருக்கின்றன. நகரின் மறுபக்கம் பெர்குசன் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த ஒருவர், பட்டாளச் செலவையும் பள்ளிச் செலவையும் ஒரே தராசில் நிறுத்தார். பணமுடை என்றால் முதலில் எதைக் குறைப்பது என்று வெள்ளை அரசாங்கத்தைக் கேட்டார். அவர்தான் கோபால கிருஷ்ண கோகலே.

அண்ணன் அனுப்பிய 8 ரூபாய்

கோகலே 1866 மே 9-ந் தேதி ரத்னகிரி மாவட்டம் கோட்லுக் கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். 13 வயதில் தந்தையை இழந்தார். அண்ணன் கோவிந்தராவ் தம் படிப்பை விட்டு, மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குப் போனார். அதில் 8 ரூபாயைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். தம்பி தாமே சமைத்துச் சாப்பிட்டுப் படித்தார். அந்த வீட்டில் முடை வந்தபோது வயிற்றைக் கட்டினார்கள். தம்பியின் படிப்பை நிறுத்தவில்லை.

1884-ல் பம்பாயில் பட்டம் பெற்று, புனேயில் ஆசிரியரானார். நீதிபதி ரானடேயிடம் அரசாங்கக் கணக்குகளை ஆராயும் வித்தையைக் கற்றார்.

உப்புக்கு வரி

அப்போது வெள்ளி விலை சரிந்து ரூபாயின் மதிப்பு இறங்கியது. லண்டனுக்குக் கட்டவேண்டிய தொகையின் பாரம் ஏறியது. பட்டாளச் செலவோ குறையவில்லை. 1888-ல் ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) உப்புக்கு 2 ரூபாயாக இருந்த வரி இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. கஞ்சிக்கும் உப்பு வேண்டும். அதனால் பாரம் ஏழை தலையில் விழுந்தது.

1897-ல் இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி கமிஷன் முன் கோகலே லண்டனில் சாட்சி சொன்னார். 'சுதேசமித்திரன்' நிறுவிய ஜி.சுப்பிரமணிய ஐயரும் அங்கே சாட்சி சொன்ன தமிழர்.

1902 மார்ச் 26-ந் தேதி, வைசிராயின் சட்டசபையில் கோகலே தமது முதல் பட்ஜெட் உரையை நிகழ்த்தினார். இரு பெரும் பஞ்சங்கள் நாட்டை வாட்டியிருந்தன. அரசாங்கமோ உபரி காட்டியது. இது செழிப்பால் வந்த உபரி அல்ல. ரூபாயின் மதிப்பு மீண்ட பிறகும் முடைக்காலத்து வரியைக் குறைக்காததால் மிஞ்சிய பணம் என்று அவர் புள்ளிவிவரத்தோடு வாதாடினார். பட்டாளச் செலவைக் குறைத்து, வரியைத் தளர்த்தி, பள்ளிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றார். அவரும் மற்றவர்களும் விடாது போராடியபின் உப்பு வரி 1903-ல் 2 ரூபாயாகவும், 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும், 1907-ல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது.

தோற்ற மசோதா

1911-ல் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். 6 முதல் 10 வயதுவரை உள்ள சிறுவர்களைப் பள்ளிக்கு அனுப்பச் செய்வது அதன் நோக்கம். மாதம் 10 ரூபாய்க்குக் குறைந்த வருமானக்காரரின் பிள்ளைக்குச் சம்பளம் கிடையாது. அரசாங்கம் எதிர்த்தது. நிலச்சுவான்தார்கள் பலரும் எதிர்த்தனர். 1912 மார்ச்சில் 13-க்கு 38 வாக்குகளில் மசோதா தோற்றது.

1915 பிப்ரவரி 19-ந் தேதி, 48 வயதில், கோகலே புனேயில் காலமானார். அவர் 1905-ல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியிடம் வந்தது. கோகலே கேட்ட கட்டாயக் கல்வி மத்தியச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1-ந் தேதிதான். பள்ளிச் செலவைத் தள்ளிப்போட்டதற்கு நாடு கொடுத்த விலை 98 ஆண்டுகள்.