இரும்புப் பித்தர் ஜான் வில்கின்ஸன்

நீராவி யந்திரம் என்றவுடன் ஜேம்ஸ் வாட்டின் பெயரே நம் சிறுவர் நாவில் எழும். அதனை ஏட்டிலிருந்து நாட்டிற்குக் கொணர்ந்தவர் மற்றொருவர் உளர் என்பதைப் பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் கூறா. அவரே ஜான் வில்கின்ஸன். நம் அங்கத்தினருள் லாரி நடத்துவோரும் பட்டறை வைத்திருப்போரும் பலராதலின், அன்னார் வரலாற்றை ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தேன்.

இவர் 1728-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடபகுதியாகிய கம்பர்லாந்தில் பிறந்தார். தந்தையார் ஐசக் இரும்பு உலைத் தொழிலினர். மைந்தரும் உலைக்களத்திலேயே வளர்ந்து, பின்னர் வேல்ஸ் நாட்டுப் பெர்ஷம் என்னும் ஊரிலிருந்த இரும்பாலைக்குத் தலைவரானார். பீரங்கியைக் கெட்டியாக வார்த்து, அதனைச் சுழற்றித் துளையிடும் முறைக்கு 1774-இல் உரிமைப் பத்திரம் பெற்றார்.

அக்காலை வாட் பெரிதும் இடர்ப்பட்டுக்கொண்டிருந்தார். 1769-இல் அவர் உரிமை பெற்ற யந்திரம் ஆண்டுகள் பல கழிந்தும் செவ்வனே ஓடவில்லை. குற்றமெல்லாம் சிலிண்டரிலேயே இருந்தது. அதன் உட்புறம் நல்வட்டமாய் இராமையால் பிஸ்டனைச் சுற்றி நீராவி கசிந்தது. கந்தையும் தக்கையும் காகிதமும் திணித்துப் பார்த்தும் பயனில்லை. அந்நாளைய குடைகருவியின் தண்டு ஒரு முனையில் மட்டும் பற்றப்பட்டது. ஆதலின் வெட்டலகு தன் பாரத்தாற் கீழே தாழ்ந்து, வார்ப்பின் மேடுபள்ளங்களையே பின்பற்றிச் சென்றது.

வில்கின்ஸன் சிலிண்டரை அசையாது பிணித்து, அதனூடே பருத்த தண்டொன்றைச் செலுத்தி, அதன் இரு முனைகளையும் தாங்கிகளில் நிறுத்தினார். நீர்ச்சக்கரத்தாற் சுழன்ற அத்தண்டின்மேல் வெட்டலகு மெல்ல மெல்ல நகர்ந்து குடைந்தது. தண்டு நேராயின் துளையும் நேர், அவ்வளவே சூட்சுமம். 1776-இல் டிப்டனருகே ப்ளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வாட்டின் யந்திரம் ஓடிற்று. அதன் சிலிண்டர் விட்டம் 50 அங்குலம். பிழையோ ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனத்தளவும் இல்லை.

இன்று லாரி இஞ்சினைப் பிரித்துச் செப்பனிடுவோரும் இவ்வழியே செல்கின்றனர். நெடுந்தொலைவு ஓடிய சிலிண்டர், பிஸ்டன் சாயும் பக்கத்தில் மிகத் தேய்ந்து முட்டைவடிவாகின்றது; மேற்பகுதி கீழ்ப்பகுதியினும் அகல்கின்றது. போரிங் பட்டறையில் அதனை மீண்டும் வட்டமாகக் குடைந்து, அளவு பெருத்த பிஸ்டனும் ரிங்குகளும் இடுகின்றனர். அன்றி ஸ்லீவ் இறக்குகின்றனர். தேய்ந்த துளையின் போக்கிலேயே அலகைச் செலுத்துதல் தகாது; கிராங்க் தண்டிற்குச் செங்குத்தாகக் குடைதல் வேண்டும். சிக்கனம் கருதி முட்டைவடிவத் துளையிலே புது ரிங் மட்டும் மாட்டுவோர்க்கு எண்ணெயும் புகையாய்ப் போம், கூலியும் போம்.

ஏறக்குறைய இருபதாண்டுகள் வாட்டின் சிலிண்டர்கள் பெரும்பாலும் வில்கின்ஸன் ஆலைகளிலிருந்தே சென்றன. எனினும், வாட்டிற்குரிய பணத்தைச் செலுத்தாது அவ்வியந்திரங்களை இவர் மறைவாகவும் செய்தார். 1795-ஐ ஒட்டித் தம்பி வில்லியமோடு நேர்ந்த பூசலால் அது வெளிப்பட்டது. இதனை மறைத்தல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று.

1779-இல் செவர்ன் ஆற்றின்மேல் எழுந்த இரும்புப் பாலத்திற்குத் துணைநின்றார். 1787-இல் இரும்புப் படகை அவ்வாற்றில் மிதக்கவிட்டு, ஐயுற்றோர் வாயை அடைத்தார். தமக்கெனச் சவப்பெட்டியையும் இரும்பாலேயே செய்வித்திருந்தார் என்றால் அவர் பித்தினை என்னென்பது! 1808 ஜூலையில் மறைந்த அவர் இரும்புப் பெட்டியிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். ஆனால் அவ்வுடல் பின்னர் ஒருமுறைக்கு மேலும் இடம் பெயர்க்கப்பட்டது.