விடுதலை தந்த பென்சில்

குழந்தைகளே! சர்க்கஸ் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? வண்ண விளக்குகள், நிறைந்து வழியும் கூட்டம், காதைப் பிளக்கும் கைதட்டல், இல்லையா? ஆனால், பார்வையாளரே இல்லாத சர்க்கஸை ஓர் ஓவியர் வரைந்தார். அவர்தான் பிரான்ஸ் நாட்டின் துலூஸ் லாத்ரெக்.

1864-ஆம் ஆண்டு நவம்பர் 24 அன்று ஆல்பி என்ற ஊரில், செல்வச் செழிப்பான பிரபு குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்குக் குதிரை என்றால் உயிர். மகனும் குதிரைகளை வரைந்து தள்ளினான்.

பிறவியிலேயே அவனுக்கு எலும்புகள் பலவீனம். 13 வயதில் நாற்காலியிலிருந்து எழும்போது விழுந்து ஒரு தொடை எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டே மற்றொரு காலும் முறிந்தது. அதன்பின் கால்கள் வளரவே இல்லை. பெரியவரான பிறகும் அவர் உயரம் சுமார் 5 அடிதான்.

படுக்கையில் கிடந்த சிறுவனுக்குப் பென்சிலே தோழன் ஆனது. காது கேளாத, வாய் பேசாத ஓவியர் பிரின்ஸ்டோ அவனுக்கு வரையக் கற்றுக் கொடுத்தார். பாரிஸில் சர்க்கஸுக்கும் அழைத்துச் சென்றார். குதிரை ஏற முடியாத அவன், சர்க்கஸ் குதிரைகளைக் கண்ணாலேயே மனப்பாடம் செய்துகொண்டான்!

1891-இல் மூலான் ரூஜ் என்ற கேளிக்கை அரங்குக்கு அவர் வரைந்த சுவரொட்டி பாரிஸ் நகரையே பேச வைத்தது. புகழ் வந்தது, கூடவே குடிப்பழக்கமும் முற்றியது. உடலும் மனமும் கெட்டன. 1899-இல் குடும்பத்தார் அவரை பாரிஸ் அருகே ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தனர்.

வெளியே வர என்ன வழி? தன் அறிவும் நினைவாற்றலும் தெளிவாகவே இருக்கின்றன என்று மருத்துவர்களுக்குக் காட்ட வேண்டும். தாளையும் பென்சிலையும் கையில் எடுத்தார். முன்பு பார்த்த சர்க்கஸை நினைவிலிருந்தே வரையத் தொடங்கினார். மொத்தம் 39 படங்கள்!

அவற்றில் ஒன்று 'ஸ்பானிய நடை'. இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. முதுகில் சர்க்கஸ் கலைஞரைச் சுமந்தபடி குதிரை நடக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் முன்னங்காலை நீட்டி உயர்த்துவதுதான் அந்த நடை. எதிரே குதிரை இல்லாமலே அதன் அசைவை அப்படியே கொண்டுவர எவ்வளவு கூர்மையான நினைவு வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

இந்த வரிசைப் படங்களைப் பார்க்க நேர்ந்தால், கலைஞர்களுக்குப் பின்னால் உள்ள இருக்கைகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் காலியாகவே இருக்கும். மருத்துவமனையில் அவர் அனுபவித்த தனிமையைத்தான் அது காட்டுகிறது என்பார்கள் சிலர். ஆளில்லாத நேரத்தில் நடக்கும் ஒத்திகையை வரைந்திருக்கிறார் என்றும் சொல்லலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஒரு படத்தில் வரைந்திருப்பதை மட்டுமல்ல, வரையாமல் விட்டதையும் பார்க்கப் பழகுங்கள்.

அந்தப் படங்கள் வீண்போகவில்லை. சுமார் 11 வாரங்களுக்குப் பின், மே 17 அன்று மருத்துவர்கள் அவரை வெளியே அனுப்பினர். ஆனால், குடி அவரை விடவில்லை. 1901 செப்டம்பர் 9 அன்று, 37 வயது நிறையும் முன்பே மறைந்தார். ஒரு கெட்ட பழக்கம் எவ்வளவு பெரிய திறமையைக் கொண்டுபோய்விட்டது பாருங்கள்!

1922-இல் ஆல்பி நகரில் அவருக்கென்றே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

குழந்தைகளே, நேற்று நீங்கள் பார்த்த ஒரு ஆட்டையோ மாட்டையோ, இன்று பார்க்காமல் வரைந்து பாருங்கள். நாம் எவ்வளவு கவனித்தோம் என்பதைப் பென்சில் சொல்லிவிடும்!