மெழுகுவர்த்தியும் கரண்டியும்: மருத்துவ மேதை ரிச்சர்டு பிரைட்

இங்கிலாந்து நாட்டின் பிரிஸ்டல் நகரில் 1789ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பிறந்தவர் ரிச்சர்டு பிரைட். எடின்பரோவில் மருத்துவம் பயின்றார். இளமையில் ஐஸ்லாந்து, ஹங்கேரி நாடுகளுக்குப் பயணம் செய்து, கண்டவற்றை எழுதியும் வரைந்தும் வைத்தார். கூர்ந்து நோக்கும் அப்பழக்கமே பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் அவர் பணியாற்றியபோது, முகமும் காலும் வீங்கிய ஏழைகள் பலர் வந்தனர். அவர்களுடைய சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். சிலருடைய சிறுநீர், முட்டையின் வெண்கருபோல் திரண்டது. உடலில் தங்க வேண்டிய ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறது என்பதற்கு அதுவே சான்று. அத்தகையோர் இறந்தபின் ஆராய்ந்தபோது அவர்களுடைய சிறுநீரகங்கள் பழுதுற்றிருந்தன. இவற்றின் தொடர்பை 1827இல் நூலாக வெளியிட்டார். அந்நோய் நெடுங்காலம் 'பிரைட் நோய்' என்றே வழங்கியது. 1837இல் விக்டோரியா அரசியாரின் மருத்துவருள் ஒருவரானார். ஆயினும் ஏழை நோயாளிகளை மறந்தாரில்லை. 1842இல் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே இரு கூடங்களும் ஆய்வறையும் அவருடைய மருத்துவமனையில் ஒதுக்கப்பட்டன. 1858 டிசம்பர் 16ஆம் நாள் மறைந்தார்.

அவர் காலத்தில் நோயைக் காண முடிந்தது, தடுக்க முடியவில்லை. இன்றோ, தொடக்கத்திலேயே கண்டால் மருந்தாலும் உணவுக் கட்டுப்பாட்டாலும் நோயின் வேகத்தைக் குறைக்கலாம். கரண்டிக்கு அகப்படாத மிகச் சிறு கசிவையும் இன்றைய சோதனைகள் காட்டிவிடும். 1962இல் அமெரிக்க அறிஞர் லேலண்ட் கிளார்க், இரத்தச் சர்க்கரையை நொதியின் துணைகொண்டு மின்முனையால் அளக்கும் வழியை வகுத்தார். அவ்வழியில் வளர்ந்த உயிர் உணரிகள் இன்று கையில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் சர்க்கரையை அளக்கின்றன. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருள்களையும் அவ்வாறே இடைவிடாது அளக்க அறிஞர்கள் முயன்று வருகின்றனர்.

அக்கருவி வரும்வரை நாம் காத்திருக்கலாமா? விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் நம் ஊர்த் தாய்மாரை எண்ணிப் பார்ப்போம். கழிப்பிடம் இல்லாத இடத்தில் வேலை செய்பவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வர். அது சிறுநீரகக் கல்லுக்கும் தொற்றுக்கும் வழி வகுக்கும். உடம்பு வலிக்கென்று கடையில் மாத்திரை வாங்கி அடிக்கடி விழுங்குவதும் சிறுநீரகத்துக்குக் கேடு. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்தால் கேடு இரட்டிப்பாகும். நோய் முற்றும்வரை வலியோ வீக்கமோ தோன்றாமலும் இருக்கலாம். ஆகவே, 'எனக்கு ஒன்றும் இல்லை' என்பார் அம்மா. சோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகுமே என்றும் தயங்குவார்.

அந்தத் தயக்கத்தை நீக்குவது மாணவியராகிய நம் கடமை. ஆண்டுக்கொரு முறையேனும் அம்மாவையும் பாட்டியையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சிறுநீர், இரத்தச் சோதனை செய்விப்போம். மருந்தில்லாத காலத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார் பிரைட். மருந்திருக்கும் காலத்தில் நாம் பாராமல் இருக்கலாகாது.