சிரிக்க வைத்த சந்திரபாபு

தூத்துக்குடியில் 1927இல் பிறந்து கொழும்பில் பயின்ற ஜே. பி. சந்திரபாபு, 1947இல் ‘தன அமராவதி’ வாயிலாகத் திரையுலகில் அடியெடுத்து வைத்தார். நடிப்பு, நடனம், பாட்டு மூன்றிலும் தனி முத்திரை பதித்தார். எங்கள் பெருமாள்மலைத் தேநீர்க் கடைகளில் இன்றும் அவர் குரல் ஒலிக்கும்.

அவர் தொடங்கிய ‘மாடி வீட்டு ஏழை’ படம் பாதியில் நின்றது. கடன் பெருகிற்று, வீடும் கைவிட்டுப் போயிற்று. மதுவும் பெத்தடின் ஊசியும் உடலைக் குலைத்தன. வாய்ப்புகள் அருகின. 1974இல், 46ஆம் வயதில் மறைந்தார்.

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ., வீரர் எடி கெரேரோ 2005இல் மாண்டபின், 2006இல் போதைப்பொருள் சோதனைத் திட்டத்தைக் கொணர்ந்தது. சந்திரபாபுவுக்கோ அத்தகைய காவல் வாய்க்கவில்லை. கலைஞனின் திறமையால் பொருளீட்டுவோர் அவன் உடல்நலத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவ்வாழ்வு உணர்த்தும் பாடம்.